புதுக்கணக்கும் கொம்பியூட்டரும்: முதலீட்டுக் கணக்கை எதில் எழுதி வைப்பது?

(சங்கத்தின் ஞாயிறு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க, பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



சித்திரை பிறந்தால் ஊரில் வியாபாரிகள் புதுக்கணக்கு எழுதுவார்கள். சுன்னாகத்தில் என்னுடைய தாய்மாமனுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. நல்ல நேரம் பார்த்து, புதுக் கொப்பியின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரவை எழுதிப்போட்டுத்தான் எங்களுக்குக் கைவிசேடம் தருவார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை அவர் சொல்லாத நாளில்லை. கனடாவிலும் சித்திரை கணக்கு மாதம்தான். ஏப்ரல் 30க்கு முன் வருமானவரிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் சங்கத்தார் இந்த நேரம் பார்த்து என்னைக் கதைக்கச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்காளன் அல்ல. முதலீட்டு ஆலோசகனும் அல்ல. எந்தப் பங்கை வாங்கலாம் என்று என்னைக் கேட்காதேயுங்கோ. இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியக் கணக்கு வைத்தவன், கொம்பியூட்டரில் கொஞ்சம் விருப்பம் உள்ளவன், அவ்வளவுதான். வாங்கின பங்கையும் மியூச்சுவல் பண்டையும் எப்படி எழுதி வைப்பது என்பதே இன்றைய பேச்சு.

"அண்ணை, எந்த மென்பொருள் நல்லது? பெயரைச் சொல்லுங்கோ, போதும்" என்று வாசலிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெயர் சொல்ல முன்னம் ஒரு கதை சொல்ல வேண்டும். இந்தக் கதைக்காகத்தான் நான் பேச ஒத்துக்கொண்டேன்.

என்னோடு ஒரே இடத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய மனைவியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். 1997 தொடக்கம் சம்பளத்தில் மாதம் 100 டொலர் ஒரு மியூச்சுவல் பண்டில் போட்டு வந்தவர். ஆர்.ஆர்.எஸ்.பி. அல்ல, சாதாரணக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் எத்தனை அலகு வந்தது, என்ன விலை என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் எழுதி வைப்பார். சீட்டுக் கணக்கும் அதற்குள்தான். 2004 இல் நான் அவரைப் பகிடி பண்ணினேன்: "இந்தக் காலத்தில என்ன கொப்பி? கொம்பியூட்டரில போடுங்கோ." ஒரு மென்பொருளை நானே பதிந்து கொடுத்து, இரண்டு சனிக்கிழமை பக்கத்தில் இருந்து பழக்கியும் விட்டேன். அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டார்.

சில வருடம் கழித்து அந்த மென்பொருளைச் செய்த கம்பனி அதைக் கைவிட்டது. அவருடைய கொம்பியூட்டரும் பழுதாகிப் போனது. பிரதி எடுத்த சி.டி. கையில் இருந்தது. ஆனால் அதைத் திறக்கக்கூடிய எதுவும் புதுக் கொம்பியூட்டரில் இல்லை. "பிறகு பார்ப்பம்" என்றார். நானும் "பிறகு பார்ப்பம்" என்றேன். 2012 இல் முதலீட்டை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றினார். அலகுகள் போய்ச் சேர்ந்தன. என்ன விலைக்கு வாங்கியவை என்ற விபரம் போய்ச் சேரவில்லை. அறிக்கையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது. 2019 மார்கழியில் மாரடைப்பு வந்தது. போய்விட்டார்.

இந்த நாட்டுச் சட்டப்படி, கணவன் இறந்து முதலீடு மனைவிக்கு வரும்போது வழமையாக அந்த நேரத்தில் வரி இல்லை. கணவனுடைய அடக்கவிலையோடு அது அப்படியே மனைவிக்கு வருகிறது. ஆனால் மனைவி அதை விற்கும் நாளில் அந்த அடக்கவிலையைச் சொல்ல வேண்டும். 2021 இல் வீட்டுக் கடனுக்காகத் தங்கச்சி அதை விற்றா. கணக்காளர் கேட்ட முதல் கேள்வி, "வாங்கின விலை என்ன?"

ஆறு கிழமை அவவுடைய குசினி மேசையில் இருந்தோம். 2004 வரைக்கும் கொப்பி சொன்னது. நிறுவனத்திடம் இருந்து கடைசி ஏழு வருடப் பதிவுதான் கிடைத்தது. இடையில் சில வருடங்களுக்கு வரித் துண்டுகள் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருந்தன. 2005 முதல் 2009 வரை ஒன்றுமே இல்லை. மாதம் 100 டொலர் போட்டது தெரியும். ஆனால் அந்த ஐந்து வருடமும் பண்ட் கொடுத்த பங்கீடு எவ்வளவு, அது எத்தனை அலகாகத் திரும்பப் போடப்பட்டது என்று காட்ட வழியில்லை. அந்தப் பங்கீட்டுக்கு அவர் அந்தந்த வருடமே வரி கட்டினவர். தங்கச்சி அதே காசுக்குத் திரும்பவும் வரி கட்டினா. "பெரிய காசு இல்லை அண்ணை, விடுங்கோ. அவர் பென்சிலால எழுதினதாவது வாசிக்கக்கூடியதா இருக்கே" என்றா.

அந்தக் கொப்பியை மூட வைத்தவன் நான்.

எங்கட சனத்துக்குக் கடதாசியின் பெறுமதி புதிதில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் நாவற்குழிப் பாலம் தாண்டினபோது, காணி உறுதியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உறுதி இல்லாவிட்டால் காணி எங்களுடையது என்று சொல்ல முடியாது என்பது தெரிந்துதான் கொண்டு போனோம். முதலீட்டுக்கு உறுதி என்ன என்றால், வாங்கின கணக்குத்தான். ஆகவே மென்பொருளைத் தேடும்போது அழகாகப் படம் கீறுகிறதா என்று முதலில் பார்க்கக் கூடாது. என் கணக்கை அது சரியாகக் கணிக்குமா, நான் கேட்கிறபோது திருப்பித் தருமா என்று பார்க்க வேண்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கனடா கேட்கிற கணக்கு

ஒரு பங்கை மூன்று தரம் மூன்று விலையில் வாங்கினால், விற்கும்போது எந்த விலையைக் கழிப்பது? கனடாவில் சராசரி விலை. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன், எழுதிக் கொள்ளுங்கோ. பிறகும் உதவும்.

முதலில் 100 பங்கு, ஒன்று 10 டொலர்படி வாங்குகிறீர்கள். தரகுக் கூலி 10 டொலர். மொத்தம் 1,010. அடுத்த வருடம் இன்னும் 100 பங்கு, ஒன்று 14 டொலர். தரகுக் கூலி 10. மொத்தம் 1,410. இரண்டையும் கூட்டினால் 200 பங்குக்கு 2,420 டொலர். ஒரு பங்கின் அடக்கவிலை 12 டொலர் 10 சதம். இப்போது 50 பங்கை 18 டொலர்படி விற்கிறீர்கள். 900 டொலரில் தரகுக் கூலி 10 போக மிச்சம் 890. அடக்கவிலை 605. ஆதாயம் 285 டொலர். அதில் பாதி, 142 டொலர் 50 சதம், உங்கள் வருமானத்தோடு சேரும்.

பல மென்பொருட்கள் அமெரிக்காவை நினைத்துச் செய்யப்பட்டவை. முதலில் வாங்கியதை முதலில் விற்றதாக எடுப்பது அங்கே வழமை. அப்படிக் கணித்தால் இதே விற்பனைக்கு அடக்கவிலை 505, ஆதாயம் 385 என்று வரும். நூறு டொலர் வித்தியாசம். மென்பொருள் பிழை விடவில்லை. அது வேறொரு நாட்டுக் கணக்கைச் செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத வரவு

மியூச்சுவல் பண்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பண்ட் வருடா வருடம் பங்கீடு கொடுக்கும். அநேகமானோர் அதைக் காசாக எடுப்பதில்லை; புது அலகாகத் திரும்பப் போட விட்டுவிடுவோம். கையில் காசு வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிறோம். ஆனால் ரி3 துண்டு வருகிறது, வரி கட்டுகிறோம். ஆகவே அந்தத் தொகை எங்கள் அடக்கவிலையோடு கூட வேண்டும்.

10,000 டொலர் போட்டீர்கள். பதினைந்து வருடத்தில் 4,000 டொலர் பங்கீடாக வந்து திரும்பப் போடப்பட்டது. இன்று 20,000 டொலருக்கு விற்கிறீர்கள். பங்கீட்டை எழுதாதவர் 10,000 ஆதாயம் என்று காட்டுவார். எழுதினவர் 6,000 காட்டுவார். நண்பர் வீட்டில் நடந்தது இதுதான்.

மறுபக்கமும் உண்டு. சில பண்டுகள் உங்கள் முதலையே உங்களுக்குத் திருப்பித் தரும். ரி3 துண்டில் 42 ஆம் கட்டத்தில் அது இருக்கும். அதை அடக்கவிலையில் கழிக்க வேண்டும். ஆகவே மென்பொருளில் வாங்கினது, விற்றது என்ற இரண்டு பொத்தான் மட்டும் இருந்தால் காணாது. திரும்பப் போட்ட பங்கீட்டுக்கும், திரும்பி வந்த முதலுக்கும், பங்கு பிரிவதற்கும் இடம் இருக்க வேண்டும்.

ஒரு வீடு, பல கணக்கு

எங்கட வீடுகளில் ஒரு வங்கியில் கொஞ்சம், வேறொரு தரகு நிறுவனத்தில் கொஞ்சம், மனைவி பெயரில் கொஞ்சம் என்று இருக்கும். ஒரே பங்கை நீங்கள் இரண்டு இடத்தில் சாதாரணக் கணக்கில் வைத்திருந்தால், வரிக்கு அது இரண்டு அல்ல, ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் உள்ளதை மட்டுமே பார்த்து அறிக்கை அனுப்பும். முழுவதையும் பார்க்கக்கூடியது உங்கள் கொப்பி மட்டும்தான்.

நட்டத்துக்கு விற்பதிலும் ஒரு பொறி உண்டு. விற்ற நாளுக்கு முன் 30 நாள், பின் 30 நாளுக்குள் அதே பங்கை நீங்களோ, உங்கள் கணவனோ மனைவியோ, உங்களுடைய ஆர்.ஆர்.எஸ்.பி., ரி.எவ்.எஸ்.ஏ. கணக்கோ வாங்கி, அந்தக் காலம் முடியும்போதும் வைத்திருந்தால், அந்த நட்டத்தை அப்போது கழிக்க விடமாட்டார்கள். கணவன் விற்றதும் மனைவி வாங்கினதும் ஒரே கணக்கில் தெரிந்தால்தான் இது பிடிபடும்.

ஆர்.ஆர்.எஸ்.பி., ரி.எவ்.எஸ்.ஏ. கணக்குகளுக்குள் வாங்கி விற்பதற்கு அடக்கவிலை தேவையில்லை. ஆனால் 2009 இல் தொடங்கிய ரி.எவ்.எஸ்.ஏ.யில் எப்போது எவ்வளவு போட்டீர்கள், எப்போது எடுத்தீர்கள் என்பதை எழுத வேண்டும். எடுத்த காசுக்குரிய இடம் அடுத்த வருடம் சனவரியில்தான் திரும்பக் கிடைக்கும். அவசரப்பட்டு அதே வருடம் போட்டு அளவு மிஞ்சினால், மிஞ்சிய தொகைக்கு மாதம் ஒரு வீதம் தண்டம்.

அமெரிக்கப் பங்கு வைத்திருந்தால் வாங்கின நாளின் நாணய மாற்று விகிதத்தில் கனடிய டொலராக்கி எழுத வேண்டும். விற்ற நாளுக்கு அந்த நாளின் விகிதம். கனடா மத்திய வங்கி நாளாந்த விகிதத்தை வெளியிடுகிறது. சாதாரணக் கணக்கில் உள்ள அமெரிக்கப் பங்குகளும், ஊரில் வாடகைக்கு விட்ட வீடும் சேர்த்து, வெளிநாட்டுச் சொத்தின் அடக்கவிலை வருடத்தில் எப்போதாவது 100,000 டொலரைத் தாண்டினால் ரி1135 என்ற பத்திரமும் நிரப்ப வேண்டும். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வீடு இதில் சேராது. மென்பொருள் இரண்டு நாணயத்தையும் கையாளுமா என்று கேட்பது இதற்காகத்தான்.

எத்தனை வகை உண்டு?

மோட்டாக நான்கு வகை.

முதலாவது, வங்கிக் கணக்கோடு தானாக இணைந்து எல்லாவற்றையும் இழுத்து வரும் இணையச் சேவைகள். மொன்றியலில் இருந்து வரும் வெல்திக்கா ஓர் உதாரணம். கை எழுத்து வேலை குறைவு. ஆனால் இப்படியான சேவைகள் சில உங்கள் வங்கிக் கடவுச்சொல்லையே கேட்கும். கொடுக்க முன் உங்கள் வங்கியின் ஒப்பந்தத்தை வாசியுங்கோ. கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்து ஏதும் நடந்தால், நட்டத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று வங்கி சொல்லக்கூடும்.

இரண்டாவது, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். குயிக்கன் இவற்றில் பழையது. இப்போது வருடச் சந்தா முறையில் வருகிறது. வசதி அதிகம். சந்தாவை நிறுத்தினால் எதைத் திறக்கலாம், எதைத் திறக்க முடியாது என்று முதலே கேட்டு வையுங்கோ.

மூன்றாவது, இலவசமாகக் கிடைத்து உங்கள் கொம்பியூட்டரிலேயே இருக்கும் திறந்த மென்பொருட்கள். குனூகாஷ் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையில் வேலை செய்வது. ஊரில் கணக்கியல் படித்தவர்களுக்குப் பிடிக்கும்; மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். போர்ட்போலியோ பெர்போமன்ஸ் என்பது ஜேர்மனியில் தோன்றியது. முதலீட்டின் வளர்ச்சியைப் பார்க்க நல்லது. கனடிய அடக்கவிலையை மட்டும் கணிக்க வேண்டுமென்றால் அதற்கென்றே அட்ஜஸ்ரட் கொஸ்ற் பேஸ் என்ற கனடிய இணையச் சேவை இருக்கிறது. அடிப்படை வசதி இலவசம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் நீங்களே பதிய வேண்டும்.

நான்காவது, எக்செல், லிப்ரே ஒபிஸ் போன்ற விரிதாள். எங்கட சீ.ஆர். கொப்பியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். நான்கைந்து பண்ட் வைத்திருப்பவருக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

எந்த வகையானாலும் நிரந்தரம் என்று ஒன்று இல்லை. மைக்ரோசொவ்ற் மணி என்ற மென்பொருளின் விற்பனை 2009 இல் நிறுத்தப்பட்டது. கூகிள் பினான்ஸ் 2017 இல் தன் முதலீட்டுப் பட்டியல் வசதியை எடுத்துவிட்டது. பிறகு வேறு வடிவில் கொண்டு வந்தது. கோடிக்கணக்கான டொலர் கம்பனியின் மின்ற் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. கம்பனிக்கு லாபம் இல்லையென்றால் மூடும். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. நாங்கள் எங்கட கணக்கை எடுத்துக்கொண்டு வெளியே வரக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெரிவு செய்ய முன் ஒரு மணித்தியாலம்

பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி விசாரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் போதும்.

முதலில் நான் சொன்ன உதாரணத்தை அதில் போட்டுப் பாருங்கோ. 12 டொலர் 10 சதமும், ஆதாயம் 285 டொலரும் வந்தால் கனடாக் கணக்குத் தெரிகிறது. 385 என்று காட்டினால், சராசரி முறைக்கு மாற்ற வழி இருக்கிறதா என்று தேடுங்கோ.

இரண்டாவது, போட்ட கணக்கை வெளியே எடுத்துப் பாருங்கோ. சி.எஸ்.வி. என்ற வடிவில் தந்தால் எந்த விரிதாளிலும் திறக்கும். திகதி, பங்கின் பெயர், எண்ணிக்கை, விலை, தரகுக் கூலி, நாணயம் எல்லாம் வருகிறதா? படம் மட்டும்தான் தருகிறது, கணக்கைத் தராது என்றால் வேண்டாம்.

மூன்றாவது, லாபத்தை எப்படிக் கணிக்கிறது? வருடத் தொடக்கத்தில் 10,000 டொலர் இருந்தது. மார்கழியில் 5,000 டொலர் புதிதாகப் போட்டீர்கள். முடிவில் 15,500 டொலர். 55 வீதம் வளர்ந்தது என்று காட்டும் மென்பொருள் உங்களை ஏமாற்றுகிறது. உழைத்தது 500 டொலர். கிட்டத்தட்ட 5 வீதம்தான். நீங்கள் போட்ட காசையும் காசு உழைத்த காசையும் அது பிரித்துக் காட்ட வேண்டும்.

நான்காவது, உங்கள் கணவனையோ மனைவியையோ பக்கத்தில் இருத்தி, "நான் இல்லாமல் நீங்கள் இதைத் திறந்து காட்டுங்கோ" என்று கேளுங்கோ. அவரால் முடியாவிட்டால், அது எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

புத்தாண்டில் ஒரு வழக்கம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் கணக்கை அச்சடியுங்கோ. ஒவ்வொரு பங்கும் பண்டும் எத்தனை, மொத்த அடக்கவிலை எவ்வளவு, எந்த நிறுவனத்தில், யார் பெயரில், பின்னுரித்தாளி யார் என்று இரண்டு மூன்று பக்கத்துக்குள் வந்துவிடும். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கோ. அச்சடித்ததை ஒரு கடித உறையில் போட்டு, வீட்டு உறுதி இருக்கிற இடத்தில் வையுங்கோ. வரித் துண்டுகளையும் வாங்கின பற்றுச்சீட்டுகளையும் எறிய வேண்டாம். வருமானவரிக் காரர் ஆறு வருடம் என்று சொல்லுவது, நீங்கள் விற்றுக் கணக்குக் காட்டிய வருடம் முடிந்த பிறகு வருகிற ஆறு வருடத்தை. வாங்கின நாளில் இருந்து அல்ல.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கு ரெலிபோனில் ஏதோ ஒன்றைப் பதிந்து கொடுத்துவிட்டு, "இனி இதில பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாதேயுங்கோ. நான் செய்த பிழை அதுதான். புதியதைப் பழக்குங்கோ, பழைய கொப்பியை மூட வைக்காதேயுங்கோ. இரண்டும் ஒரு வருடமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டு கணக்கும் ஒத்து வந்த பிறகு மூடுவதை யோசிக்கலாம்.

நண்பருடைய மனைவி இப்போது தன்னுடைய கணக்கைத் தானே வைக்கிறா. மகள் ஒரு விரிதாள் செய்து கொடுத்திருக்கிறா. மாதக் கடைசியில் அறிக்கை வந்ததும் முதலில் அந்தப் பழைய சீ.ஆர். கொப்பியில், அவர் 2004 இல் நிறுத்தின பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதுவா. பிறகு கொம்பியூட்டரில் போடுவா. போன மாதம் இரண்டும் எட்டுச் சதம் இடித்தது என்று என்னைக் கூப்பிட்டா. ஒரு மணித்தியாலம் தேடிப் பிழையைக் கண்டுபிடித்தோம். கொம்பியூட்டரில் போட்டதுதான் பிழை. எனக்கு அன்று வந்த சந்தோசம் கொஞ்ச நஞ்சமல்ல.

எட்டுச் சதத்தையும் விடாத அந்தக் கவனம் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று வேண்டி, எல்லாருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகளைச் சொல்லி விடைபெறுகிறேன். கேள்வி உள்ளவர்கள் தேத்தண்ணி நேரத்தில் வாருங்கோ. பங்கின் பெயர் மட்டும் கேட்காதேயுங்கோ.